தஸ்நேவிஸ் விழுங்கிய உப்பு

சங்குமுனை ஊரில், சாப்பாட்டைப் பற்றிப் பொய் சொன்னவர்கள் வாயிலிருந்து உப்பு உதிர ஆரம்பித்த ஞாயிற்றுக்கிழமை, ரொசாரியோ வீட்டில் அவர் மகள் கோயிலில் முதல்முறை நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்து நடந்துகொண்டிருந்தது. முன்னூறு பேர் அடிப்பிடித்த பிரியாணியை மென்று முடித்து, கை கழுவிவிட்டு, வாசலில் நின்ற ரொசாரியோவிடம் ஊர் வழக்கப்படி "சாப்பாடு பிரமாதம் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுப் போக, சொன்ன ஒவ்வொருவர் கீழுதட்டிலிருந்தும் உப்பு கலகலவென்று உதிர்ந்தது. மூன்றாம் பந்தி முடிவதற்குள் ரொசாரியோவின் கணுக்கால் மறைய உப்பு கிடந்தது. அவர் குனிந்து பார்த்தார், சமையல்காரரைக் கூப்பிட்டு வாய்க்கு வந்தபடி திட்டினார், பிறகு அவர் மனைவி முறத்தைக் கொண்டுவந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

அன்றைக்குச் சாப்பிட்டுவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடியவர் ஒரே ஒருவர்தான். அவர் தஸ்நேவிஸ், உப்புக் கம்பெனி எடைமேடையில் லாரி எடை பார்க்கிறவர். அவருக்கு உடனே வெள்ளிக்கிழமை ஞாபகம் வந்துவிட்டது.

வேறு ஊராயிருந்தால் இந்நேரம் டிவிக்காரர்கள் வந்து இறங்கியிருப்பார்கள். சங்குமுனைக்கு மூன்று பக்கம் உப்பளம், நாலாவது பக்கம் கடல். காற்றில் உப்பு, கிணற்றில் உப்பு, சைக்கிள் செயினில் உப்பு, கொடியில் காய்கிற வேட்டியில் உப்பு என்று பிறந்ததிலிருந்து பார்த்துப் பழகியவர்கள், மனுசன் வாயிலும் கொஞ்சம் உப்பு வந்ததைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எதனால் வந்தது என்று கேட்டவர் பள்ளிக்கூடத்து அறிவியல் வாத்தியார் ஒருவர்தான், அவருக்கும் யாரும் பதில் சொல்லவில்லை. மற்றவர்கள் கவலையெல்லாம் இதை வைத்துக்கொண்டு எப்படிக் குடித்தனம் பண்ணுவது என்பதுதான். ஒரே மாதத்தில் அதன் நீக்குப்போக்கெல்லாம் ஊருக்கு அத்துப்படி ஆயிற்று. 'பரவாயில்லை' என்ற பொய்க்குப் பொடி உப்பு, 'பிரமாதம்' என்ற பொய்க்குக் கல்லுப்பு. சாப்பாட்டுப் பொய்க்கு மட்டும்தான் உதிரும், வயசில் சொன்ன பொய்யும் எடையில் சொன்ன பொய்யும் பாசத்தில் சொன்ன பொய்யும் பழையபடி சுத்தமாகவே வெளியே வந்தன. ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னால் உதிராது. வெளியூரிலிருந்து ஃபோனில் சொன்னாலும் உதிராது.

ஊரின் மரியாதை மாறியது. விருந்துக்குப் போனவர்கள் உண்மையைத் தேடிப் பிடித்துப் பாராட்டப் பழகினார்கள். "இலை நல்லா பெரிய இலை" என்றார்கள், "தண்ணி நல்ல குளிர்ச்சி" என்றார்கள், ஒன்றுமே அகப்படாத வீட்டில் "ஃபேன் காத்து நல்லா வந்துச்சு" என்று சொல்லிவிட்டு வந்தார்கள். பங்குச்சாமியாருக்குத் தினம் ஒரு வீட்டிலிருந்து சாப்பாடு போகிற முறை உண்டு. அவர் தூக்குவாளியைத் திருப்பிக் கொடுக்கும்போது இனி வாயைத் திறப்பதில்லை என்று முடிவு பண்ணி, தலைக்கு மேல் கையைத் தூக்கி ஆசீர்வாதம் மட்டும் கொடுத்தார். எந்த வீட்டுக்கு ஆசீர்வாதம் சுருக்கமாக முடிந்தது என்று பெண்கள் கணக்கு வைத்துக்கொண்டார்கள்.

பஸ் ஸ்டாண்டு டீக்கடையில், யாருக்கு எது பிடிக்கும் என்று சும்மா பொழுதுபோக்குக்குப் பேசிக்கொண்டிருந்த பேச்சுக்கெல்லாம் திடீரென்று கனம் வந்துவிட்டது. பீட்சா இல்லாமல் இருக்கவே முடியாது என்று சொல்லித் திரிந்த காலேஜ் பையன் சட்டையெல்லாம் உப்பாகி நின்றான், அவனுக்குப் பிடித்தது ரசம் சோறு. பர்கரெல்லாம் ஒரு சாப்பாடா என்று காறித் துப்பிய ரிட்டயர்டு தாசில்தார் துப்பியது உப்பு, அவர் வாரம் தவறாமல் தூத்துக்குடிக்கு எதற்குப் போகிறார் என்பது அன்றைக்குத்தான் வெளியே தெரிந்தது. மக்ரூனை விட்டால் உலகத்தில் வேறு இனிப்பு இல்லை என்று ஊர்ப் பெருமை பேசிய பேக்கரிக்காரர் பால்ராஜ் வாயிலிருந்தே நாலு கல் விழுந்தபோது கடையில் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். அந்த மனிதர் அழுதார். "எனக்கு ஜிலேபிதான் பிடிக்கும்" என்று முதல் தடவையாகச் சொன்னார், ஒன்றும் உதிரவில்லை. கூட இருந்தவர்கள் தோளைத் தட்டிக்கொடுத்தார்கள்.

ஊர் இப்படி மெல்ல மெல்ல உண்மைக்குப் பழகிக்கொண்டிருக்க, தஸ்நேவிஸ் மட்டும் வெள்ளிக்கு வெள்ளி உப்பை விழுங்கிக்கொண்டிருந்தார்.

கதை இருபத்துமூன்று வருசத்துக்கு முந்தியது. அவர் மனைவி பிரகாசி, கல்யாணமாகி வந்த முதல் வெள்ளிக்கிழமை, வெள்ளியன்று இறைச்சி தொடாத அந்த வீட்டில், தன் கையால் நெத்திலிக் குழம்பு வைத்து அவருக்குப் பரிமாறினாள். அது புளித்தது, அதற்குமேல் இனித்தது, கடைசியில் கருகிய வெந்தயம் வந்து நாக்கின் அடியில் உட்கார்ந்துகொண்டது. இது அவள் ஊர்ப் பக்குவம் போலிருக்கிறது, புதுப்பெண் மனசு நோகக் கூடாது என்று நினைத்து, அந்த நல்ல மனுசன் "ஆஹா, இந்த மாதிரி சாப்பிட்டதே இல்ல புள்ள" என்று சொன்னார். பாதி உண்மை அது. அன்றிலிருந்து எல்லா வெள்ளிக்கிழமையும் அந்தக் குழம்புதான். மகள் ஜெசிந்தா பிறந்து பேச்சு வந்ததும் அதற்கு 'அப்பா குழம்பு' என்று பெயர் வைத்தாள், தெருவும் அப்படியே சொன்னது.

தஸ்நேவிஸுக்கு உண்மையில் பிடித்தது பால்ராஜ் பேக்கரியில் சுட்டுத் தருகிற சாண்ட்விச். ரொட்டி இரண்டு பக்கமும் மொறுமொறுவென்று, நடுவில் மயோனைஸ் வழிய வழிய இருக்கும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து, கோழி வைத்தது வேண்டாம் முட்டை வைத்தது போதும் என்று வேதத்துக்குப் பயந்து ஒன்றை வாங்கி, கடைக்குப் பின்னால் நின்று தின்று, வாயைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார். பிரகாசி குழம்பை ஊற்றிவிட்டு எதிரே உட்கார்ந்து, "எப்படி இருக்கு?" என்று கேட்பாள். அந்தக் கேள்வியைக் கேட்கும்போது அவள் முகத்தில் கல்யாணத்தன்று இருந்த அதே பயம் கொஞ்சம் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு உண்மையைச் சொல்ல அவரால் முடியாது. "அருமையா இருக்கு புள்ள" என்பார். சொன்ன கையோடு வாயை மூடி, நாக்கடியில் முளைத்த கல்லுப்பை அடுத்த கவளத்தோடு சேர்த்து விழுங்கிவிடுவார். ஊரில் எல்லாப் புருசன்மார் வாயிலும் உப்பு உதிர, தன் புருசன் வாயில் ஒரு பொடி கூட உதிரவில்லை என்று பிரகாசி கோயிலில் பெண்களுக்கு நடுவே தலை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அந்த நிமிர்வைப் பார்த்த பிறகு, அவர் இன்னும் கெட்டியாக விழுங்கினார்.

ஏழாவது மாதம், ஒரு சனிக்கிழமை காலையில், மேடையில் ஏறி நின்ற லாரியின் எடையை மூன்று தடவை வாசித்து மூன்று தடவையும் வேறு வேறு எடை சொல்லிவிட்டு, தஸ்நேவிஸ் நாற்காலியிலிருந்து சரிந்து விழுந்தார்.

ஆஸ்பத்திரியில் பிரஷர் பார்த்த டாக்டர் ஹேமலதா, கருவி கெட்டுவிட்டதோ என்று வேறொன்றை எடுத்துவரச் சொன்னாள். சேலத்துக்காரி, ஊருக்கு வந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. "இவ்வளவு உப்பு உடம்புக்குள்ள எப்படிப் போகுது? என்னதான் சமைச்சுப் போடுறீங்க?" என்று பிரகாசியைத்தான் முதலில் பிடித்தாள்.

"மாதா சத்தியமா சொல்லுதேன் டாக்டர், போன மாசம் கம்பெனி கேம்ப்ல பிரஷர் இருக்குன்னு சொன்னதுல இருந்து உப்பைக் கண்ணுலயே காட்டல. நேத்து வச்ச குழம்புல கூட ஒரு சிட்டிகைதான்."

டாக்டர் கட்டிலைப் பார்த்துத் திரும்பினாள். "நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?"

"இவ வச்ச நெத்திலிக் குழம்பு."

"எப்படி இருந்துச்சு?"

உப்பு கரித்ததா என்று கேட்கத்தான் டாக்டர் அப்படிக் கேட்டாள். ஆனால் இருபத்துமூன்று வருசமாக அந்தக் கேள்விக்கு ஒரே பதில் சொல்லிப் பழகிய வாய், மயக்கம் முழுக்கத் தெளியாத வாய், விழுங்குவதற்குக் கையில் ஒரு கவளம் சோறு இல்லை என்பதை மறந்து, "அருமையா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டது. உதடு காய்ந்து வெடித்திருந்தது, மூட முடியவில்லை. கல்லுப்பு ஒவ்வொன்றாக உருண்டு தாடையில் விழுந்து, போர்வையில் விழுந்து, அங்கிருந்து தரையில் சிதறியது.

டாக்டர் ஒரு அடி பின்னால் நகர்ந்தாள். நர்ஸ் உள்ளூர்க்காரி, சத்தம் போடாமல் துடைப்பம் எடுக்கப் போனாள். பிரகாசி போர்வையிலிருந்த உப்பைக் கையால் கூட்டி அள்ளி, உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். பிறகு அதை டாக்டரிடம் நீட்டினாள். "நீங்க கேட்ட உப்பு இதுதான் டாக்டர்," என்றாள்.

வீட்டுக்கு வந்தபின் மூன்று நாள் அவள் உப்பில்லாக் கஞ்சியை வைத்துவிட்டு, எப்படி இருக்கிறது என்று கேட்காமல் போய்த் தையல் மெஷினில் உட்கார்ந்துகொண்டாள். அந்தக் கேள்வி இல்லாத சாப்பாடு எவ்வளவு கஷ்டம் என்று தஸ்நேவிஸ் அப்போதுதான் கண்டார். நாலாவது நாள் மெஷினின் சத்தம் நின்றது.

"பிடிக்கலன்னு அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா?"

"உங்க ஊர்ப் பக்குவம்னு நினைச்சேன் புள்ள."

"எங்க ஊர்ல எவ மீன் குழம்புல இனிப்புப் போடுவா?" பிரகாசி அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். "உங்க வீட்டு அடுக்களைல ரெண்டு சட்டி இருந்துச்சு. புளி ஊறுதுன்னு நினைச்சு ஒண்ணைக் கரைச்சு ஊத்தினேன். ஊத்தின பிறகுதான் தெரியுது, அது பணியாரத்துக்குன்னு உங்கம்மா ஊறப்போட்ட கருப்பட்டி. அதைச் சரிபண்ண புளியை அள்ளி ஊத்தி, அந்தப் பதட்டத்துல வெந்தயம் தீஞ்சுபோச்சு. இன்னைக்கு மானம் போகப்போகுதுன்னு உயிரைக் கையில பிடிச்சிட்டு நிக்கேன். நீங்க ஆஹாங்கீங்க. சரி, இந்த வீட்டு ருசி இதுதான் போலன்னு, வாரா வாரம் கருப்பட்டியை நானே தேடி வாங்கி, வெந்தயத்தை நானே கருக்கி..."

"அப்போ உனக்கு அது?"

"எனக்கு அந்த வாடையே ஆகாது."

அவர் அவசரமாக அவள் உதட்டைப் பார்த்தார். ஒரு பொடி உதிரவில்லை. தஸ்நேவிஸுக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது. இருபத்துமூன்று வருசம், ஆயிரத்துக்கும் மேற்பட்ட வெள்ளிக்கிழமை, இரண்டு பேருக்குமே பிடிக்காத ஒன்றை ஒருத்தருக்காக ஒருத்தர் தின்றிருக்கிறார்கள் என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிரகாசி சிரிக்கவில்லை.

"குழம்பு போகட்டும்," என்றாள். "என்னைப் பிடிச்சிருக்குன்னும் இப்படித்தான் ஒரு நாள் சொன்னீங்க. அதுவும் ஒரு புதுப்பொண்ணு மனசு நோகக் கூடாதுன்னு சொன்னதுதானா?"

"என்ன பேச்சு இது? உன்னை எனக்குப் பிடிக்கும் புள்ள. சத்தியமா பிடிக்கும்."

"அதுக்கு உப்பு வராதே," என்றாள் பிரகாசி. "நான் எப்படி நம்ப?"

அதன் பிறகு அந்த வீட்டில் பொய் இல்லை. அவர் சாண்ட்விச்சைப் பகிரங்கமாக வாங்கிவந்து மேசையில் வைத்துத் தின்றார், பிரஷர் மாத்திரையையும் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். அவள் தனக்கு ஆசையான உளுந்தஞ்சோற்றையும் எள்ளுத் துவையலையும் செய்து தட்டு நிறையப் போட்டுத் தின்றாள். நன்றாக இருக்கிறதா என்றால் நன்றாக இருக்கிறது, இல்லையா என்றால் இல்லை. ஒரே மேசையில் இரண்டு வெளியூர்க்காரர்கள் லாட்ஜில் சாப்பிடுவதுபோலச் சாப்பிட்டு எழுந்தார்கள். தஸ்நேவிஸுக்குப் பிரஷர் இறங்கியது, கூடவே உடம்பும் இறங்கியது. அவள் தன்னை விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூரம் போவதை எடைமேடையில் உட்கார்ந்து யோசித்து யோசித்து, அவளைப் பிடிக்கும் என்பதற்கு என்ன சாட்சி காட்டுவது என்று தெரியாமல் தவித்தார்.

பெங்களூரில் வேலையிலிருந்த ஜெசிந்தா, உப்பு உதிர ஆரம்பிப்பதற்கு முன்னால் வந்துபோனவள், பதினாலு மாதம் கழித்து ஊருக்கு வந்தாள். வந்த நாள் வெள்ளிக்கிழமை. பையைக் கீழே வைக்கவில்லை, செருப்பைக் கழற்றவில்லை, நேரே அடுக்களைக்குப் போய்ச் சட்டியைத் திறந்து பார்த்தாள்.

"எம்மா, அப்பா குழம்பு எங்க?"

பிரகாசி புருசனைப் பார்த்தாள், அவர் சுவரிலிருந்த மாதா படத்தைப் பார்த்தார். மகளிடம் ஃபோனில் ஆஸ்பத்திரி விஷயம் சொன்னார்களே தவிரக் குழம்பு விஷயம் சொல்லவில்லை.

"இப்போ அது வைக்கிறதில்லட்டி. அப்பாக்கு பிரஷர்லா? உளுந்தஞ்சோறு வச்சிருக்கேன்."

"உப்பு போடாம வைம்மா. அதுக்காகத்தான லீவு போட்டு வந்திருக்கேன்." ஜெசிந்தா அடுக்களை மேடையில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். அந்த வயசுப் பிள்ளைகள் பேசுகிற வேகத்தில் பேசினாள். "பெங்களூர்ல எல்லா ஊர்ச் சாப்பாடும் கிடைக்கும்மா. மங்களூர் மீன் தின்னாச்சு, கேரளாக் குழம்பு தின்னாச்சு, ஆந்திராக்காரன் மெஸ்லயும் தின்னாச்சு. எவனும் கருப்பட்டி போட மாட்டேங்கான். ஆபீஸ் கீழ ஒரு சாண்ட்விச் கடை இருக்கு. பன்னிரண்டு சாஸ் வரிசையா வச்சிருப்பான். அதுல ஒண்ணு இனிப்பா, வெங்காயம் போட்டது. கண்ணை மூடிட்டுத் தின்னா லேசா, ரொம்ப லேசா, அப்பா குழம்பு மாதிரி இருக்கும். தினம் அதை மட்டும் ரெண்டு தடவை ஊத்தச் சொல்லுவேன். அந்தப் பையன் என்னைப் பாத்ததுமே அந்த பாட்டிலைக் கையில எடுத்துருவான்."

பிரகாசி புளியை ஊறப்போட்டாள். தஸ்நேவிஸ் மெதுவாகச் சட்டையை மாட்டிக்கொண்டு போய் நெத்திலியும் கருப்பட்டியும் வாங்கிவந்தார். மாதக்கணக்காகச் சும்மா கிடந்த மண்சட்டி அடுப்பில் ஏறியது. புளி கொதித்தது, கருப்பட்டி கரைந்தது. வெந்தயத்தைப் போட்டுவிட்டு, அது சிவக்கும்போது எடுத்துவிடலாமா என்று பிரகாசி கரண்டியோடு ஒரு நிமிசம் நின்றாள். பிறகு கருகட்டும் என்று விட்டாள். அந்த வாடை வீட்டை நிறைத்தது. அவர்கள் இருவரும் முகத்தைச் சுளித்துக்கொண்டு, யார் சுளித்தது என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஜெசிந்தா பிசைந்து பிசைந்து தின்றாள். விரல் இடுக்கில் வழிந்ததை நக்கினாள். எதிரே அம்மாவும் அப்பாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ரொசாரியோ வீட்டில் அன்று நடந்ததெல்லாம் கண்முன் வர, அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேட்க வேண்டிய கேள்வியை யார் கேட்பது என்று இருவருக்கும் பயம். ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கமிருந்து பிள்ளை ஃபோனில் ஆயிரம் சொல்லியிருக்கலாம், அம்மா மனசு நோகக் கூடாது என்று இந்த வீட்டில் வளர்ந்த பிள்ளை சொல்லாமல் இருக்குமா? மேசைக்கு அடியில் பிரகாசி தஸ்நேவிஸின் கையைப் பிடித்துக்கொண்டாள். ரொம்ப நாளைக்குப் பிறகு பிடித்தாள்.

கடைசியில் அவள்தான் கேட்டாள். "எப்படிட்டி இருக்கு?"

"உலகத்துல இதுக்கு மேல எனக்கு ஒண்ணும் இல்லம்மா," என்றாள் ஜெசிந்தா வாய் நிறைய. "எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான்."

சொல்லிவிட்டு அடுத்த கவளத்துக்குக் கையை நீட்டியவளை, பிரகாசி எட்டி முகவாயைப் பிடித்து நிறுத்தினாள். முந்தானையால் மகளின் உதட்டை அழுத்தித் துடைத்தாள். பிறகு ஜன்னல் வெளிச்சத்தில் முந்தானையை விரித்து, தஸ்நேவிஸும் பார்க்கும்படி காட்டினாள். அதில் வெறும் குழம்புதான் இருந்தது.